கொக்கி ஊறுகாய்

எங்கள் கடைப் பலகை விழுந்த அன்று அந்தத் தெருவே தும்மியது.

நான் உள்ளே உட்கார்ந்து பித்தான் துளை தைத்துக்கொண்டிருந்தேன். மழைக்கு முன்னால் வருகிற காற்று வெளியே ஒருமுறை பலமாக அடித்தது. ஏதோ கிறீச்சிட்டது, பிறகு தடாலென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் யாரோ தும்மினார்கள். நான் ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டு ஓடி வருவதற்குள் அந்தப் பக்கமே தும்மிக்கொண்டிருந்தது. பலகையின் ஒரு கொக்கி அறுந்து, மறு கொக்கி அதைத் தாங்க முடியாமல் கைவிட்டு, பலகை நேராகப் பக்கத்துக் கடைக்காரர் எங்கள் தூணோரம் வரை அடுக்கியிருந்த வற்றல் மிளகாய் மூட்டை மேல் விழுந்திருந்தது. மூட்டை வெடித்த வேகத்தில் மிளகாய் நெடி கூரை வரைக்கும் ஏறியிருந்தது. ரிக்‌ஷா இழுத்து வந்த சீனர் வண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தும்மினார். வண்டியில் இருந்தவரும் தும்மினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையாட்டி, மறுபடி தும்மினார்கள். எதிர்ச்சாரியில் ஒரு மாடு தும்மியது. மாடு தும்மி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

யாருக்கும் அடியில்லை என்று தெரிந்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தும்மலும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் நிற்க முடியாது. தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்து, விழுந்து கிடந்த பலகையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு அழுகை வருகிறமாதிரி இருந்தது. அதையும் ஒரு தும்மல் கெடுத்துவிட்டது.

இது இருபதுகளின் நடுவில், ஈப்போவில். ரப்பர் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். நான் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பாலெடுத்துக்கொண்டிருந்தவள். அவர் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய் அளவெடுத்துத் துணி தைத்துக் கொடுப்பவர். தீபாவளிக்கு எங்கள் கூலிவீட்டு லயத்துக்கு ரவிக்கை அளவெடுக்க வந்தவர், பொங்கலுக்குப் பெண் கேட்டு வந்தார். கல்யாணம் முடிந்த கையோடு டவுனில் ஒரு கடைவீட்டில் முன்பாதியை வாடகைக்கு எடுத்தோம். முன்னால் தையல் மெஷின், நடுவில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் அடுப்பும் பாயும். அவ்வளவுதான் வீடு. எனக்கு அது அரண்மனையாக இருந்தது. விடியற்காலை பெரட்டு என்று வரிசையில் நிற்க வேண்டாம், பேர் கூப்பிட ஆள் கிடையாது, அட்டைக்கடி கிடையாது. காலையில் எழுந்ததும் திரையை விலக்கினால் நம்முடைய கடை. அந்த நாட்களில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் நான் சிரித்தேன். அவரும் சிரிப்பார், ஆனால் முதலில் கடையில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

பலகைதான் எங்கள் முதல் பெருமை. செங்கால் என்கிற மலாய்க்காட்டு வைர மரம், இரண்டு அங்குலக் கனம், ஒருவர் தூக்க முடியாது. சீனப் பெயிண்டர் ஒருவர் அதில் தமிழ், இங்கிலீஷ், சீனம் என்று மூன்று எழுத்திலும் எழுதி, நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டு வரைந்து கொடுத்தார். கோட்டின் பித்தான்களைப் பெண்கள் சட்டைக்கு வைக்கிற பக்கத்தில் வரைந்துவிட்டார். இவர் மனம் நொந்துபோனார். நமக்குப் பெண் வாடிக்கையும் வரும் லா என்று நான் சமாதானம் சொன்னேன். அதைக் கடைவாசலில், தெருவைப் பார்த்த உத்திரத்துக்குக் கீழே தொங்கவிட்டோம். ஈப்போவில் கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்கு ஒரு மூடிய நடைபாதை ஓடும். அஞ்சடி என்போம். அதன் வெளி விளிம்பில் தொங்கும் எந்தப் பொருளுக்கும் வெயிலும் உண்டு, சாய்ந்து அடிக்கிற மழையும் உண்டு.

தொங்கவிட்டது எதில் என்றால், சந்தையில் கண்ணில் பட்ட இரண்டு திருகு கொக்கியிலும், தோட்டத்தில் மரத்துப் பால் வடிகிற மங்கு என்னும் கிண்ணத்தைக் கட்டுகிற கம்பியிலும். அப்போது எங்களுக்கு எழுத்துத்தான் கண்ணில் தெரிந்தது. கொக்கியை யார் பார்த்தார்கள்? மழை பார்த்தது. கொஞ்ச நாளில் கொக்கி துருப்பிடித்து, துரு நீர் பலகையில் வடிந்து, சரியாக அந்த வெள்ளைக் கோட்டின் மார்பில் சிவப்பாக வழிந்தது. யாரோ வெற்றிலை துப்பிவிட்டார்கள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஒரு வாடிக்கைக்காரர் உள்ளே வந்து, தன் கோட்டையும் அப்படித்தான் திருப்பித் தருவோமா என்று கேட்டார். துடைத்தோம், மறுபடி வடிந்தது. அதற்கு மேல் யோசிப்பதற்குள் பலகை மிளகாய் மேல் விழுந்தது.

பக்கத்துக் கடைக்காரர் ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நல்ல பருமன், மெதுவான பேச்சு. அவர் ஒரு நாற்காலியைப் போட்டு அஞ்சடியில்தான் உட்கார்ந்திருப்பார். அன்றைக்குத் தொழுகைக்கு எழுந்து உள்ளே போயிருந்ததால் தப்பினார். நாற்காலி மூட்டைக்கு ஒரு முழத்தில் இருந்தது. அவர் கோபப்படவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அந்த நாற்காலியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, போர்டு மாட்டாதேன்னு நான் சொல்லல," என்றார். "கட வச்சா போர்டு வேணும். ஆனா நா இங்கதான் உக்காருவேன். அது ஒரு ஆளத் தாங்கும்னு எனக்குக் காட்டிட்டு மாட்டு."

இவர் தலையை ஆட்டினார். எப்படிக் காட்டுவது என்று இவருக்கும் தெரியாது, பாய்க்கும் தெரியாது.

மறுநாள் நானும் இவரும் இரும்புக்கடைத் தெருவுக்குப் போனோம். அங்கே ஒரு கடையைச் சீனப் பெண் ஒருத்தி நடத்தினாள். புருஷன் சீனாவுக்குப் போனவன் திரும்பவில்லை என்று சொல்வார்கள். என்னைவிடச் சில வயது மூத்தவள். நான் அக்கா என்பேன், அவள் என்னை தங்காச்சி என்பாள். மலாயும் தமிழும் கலந்த ஒரு பாஷையில் நாங்கள் பேசிக்கொள்வோம். அவள் கொக்கிகளை மேஜைமேல் வரிசையாகப் பரப்பினாள். கறுப்பு இரும்பு, துத்தநாகம் பூசின இரும்பு, மஞ்சளாக மின்னும் பித்தளை. அத்தோடு சங்கிலி, வளையம், திருகாணி, மரையாணி. எனக்கு நகைக்கடைக்கு வந்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்து எடை பார்த்து, காதில் வைத்துப் பார்த்து, இவரைச் சிரிக்க வைத்தேன். இவருக்குப் பித்தளைதான் பிடித்தது. கோட்டுப் பித்தானுக்கு ஏற்றமாதிரி மின்னும் என்றார். எது ரொம்ப நாள் தாங்கும் என்று அவளைக் கேட்டேன்.

"எல்லாம் பாகுஸ்," என்றாள். எல்லாம் நல்லதுதான் என்று அர்த்தம். பிறகு கொஞ்சம் யோசித்து, "கடைக்குள்ள எல்லாம் பாகுஸ். மழையில எனக்குத் தெரியாது தங்காச்சி. நான் மழையில தொங்கவிட்டதில்ல," என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தோம். மழைக்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரு மண்சட்டியில் உப்பைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கரைத்து, கொக்கிகளை எல்லாம் அதில் போட்டு, ஒரு பித்தளை மரையாணியைத் துத்தநாக வளையத்தோடு சேர்த்துக் கட்டி அதையும் போட்டு, மூடி, அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைத்தேன். தினமும் காலையில் திறந்து ஒரு குச்சியால் கிண்டிவிடுவேன். பாயின் மனைவி எதற்கோ பின்பக்கமாக வந்தவள், என்ன ஊறுகாய் என்று கேட்டாள். கொக்கி ஊறுகாய் என்றேன். எங்கள் தோட்டத்துப் பக்கத்தில் அப்படி ஒரு காய் இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டு, ஊறினதும் கொஞ்சம் கொடு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சட்டியை எங்கே வைத்தேன் என்று இவரிடம் நான் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் கடையில் வேலை அதிகம். தானே சோறு போட்டுக்கொள்கிறேன் என்று திரைக்குப் பின்னால் போனார். தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஏ புள்ள, இத எப்படிக் கடிக்கிறது?" என்று குரல் வந்தது. எட்டிப் பார்த்தால், மோர்ச்சோற்றின் நடுவில் துருப்பிடித்த ஒரு கொக்கி. சிவந்த தண்ணீர் சோற்றில் பரவிக்கொண்டிருந்தது. அளவு கொடுக்க நின்றிருந்த வாடிக்கைக்காரர் கையைத் தூக்கியபடி காத்திருக்க, நான் திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டேன்.

சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். கறுப்பு இரும்பு சொரசொரவென்று சிவந்திருந்தது, அதில் ஆச்சரியம் இல்லை. துத்தநாகம் பூசினது கொஞ்சம் வெளுத்து, மற்றபடி சேதமில்லாமல் இருந்தது. ஆனால் பித்தளையோடு சேர்த்துக் கட்டின துத்தநாக வளையம் மட்டும் வெள்ளைப் பூஞ்சை பிடித்ததுபோல நுரைத்து, பூச்சு கரைந்து, உள்ளிருந்து துரு எட்டிப் பார்த்தது. தனியாக இருந்தபோது ஒழுங்காக இருந்தது, ஜோடி சேர்ந்ததும் அரித்துப்போய்விட்டது. சில கல்யாணம் அப்படி என்று இவர் சொன்னார். யாரைச் சொல்கிறீர்கள் என்று நான் முறைத்தேன். சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

எல்லாவற்றையும்விட ஆச்சரியம் பித்தளைக் கொக்கிதான். அது ஒரு பக்கம் பச்சையாகவும் ஒரு பக்கம் சிவப்பாகவும் இருந்தது. பித்தளை சிவக்குமா? இவர் அதை வாசற்படியில் தேய்த்தார். மஞ்சள் தோல் உரிந்து உள்ளே கறுப்பு இரும்பு தெரிந்தது. பித்தளை முலாம்தான். மரையாணி மட்டும் தேய்த்தும் மஞ்சளாகவே இருந்தது, அசல் பித்தளை; அதை விட்டத்தில் கட்டிக் கீழே ஒரு அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். தாங்கியது. ஆனால் துத்தநாகம் பூசின திறந்த கொக்கி கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்து மூட்டையைக் கீழே விட்டது. ஆக, திறந்த வாய் உதவாது, வாய் மூடின வளையம் வேண்டும். இரண்டு உலோகத்தைச் சேர்க்கக் கூடாது. மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே இனமாக இருக்க வேண்டும். மேல் தோலை நம்பக் கூடாது.

நான் சட்டியோடு இரும்புக்கடைக்குப் போனேன். தெருவில் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் நடக்க, மோர் விற்கிறவள் என்று நினைத்து ஒரு ஆள் கூப்பிட்டார். கடைக்காரி முலாம் கொக்கியைப் பார்த்தாள். தன் பங்குக்கு இன்னொரு கொக்கியை எடுத்து அரத்தால் தேய்த்தாள். அதுவும் உள்ளே கறுப்பு. பினாங்கிலிருந்து சரக்கு அனுப்பின ஆளைப் பற்றித் தன் பாஷையில் நிறைய நேரம் சொன்னாள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எல்லாம் புரிந்தது. கடைசியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பித்தளை என்று வைத்திருந்த பெட்டியை இழுத்து மேஜைக்கடியில் தள்ளினாள்.

பிறகு என் கையைப் பிடித்து, லகாட் என்கிற ஊருக்குப் போ என்றாள். ஈய லம்பங்களில், அதாவது வெள்ளீயம் தோண்டுகிற சுரங்கங்களில், தண்ணீர் இறைக்கிற பம்பு வருஷம் முழுக்கச் சேற்றுத் தண்ணீரிலேயே நிற்கும். அதன் சாமான்கள் சிலது வெண்கலம். பழையதை அங்கே ஒரு கிடங்கில் குவித்து விற்கிறார்கள். அது தண்ணீரில் வாழ்ந்து பழகினது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டுப் புறப்பட்டோம். ரயிலில் போகலாம் என்றார். சைக்கிள் இருக்கும்போது ரயில் எதற்கு என்றேன். அந்தக் காலத்தில் பெண்பிள்ளை சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து டவுன் வழியாகப் போனால் ஊர் பார்க்கும். ஊர் பார்த்தது. எனக்கு அது இன்னும் பிடித்திருந்தது. சிலிபின் தாண்டும்வரை இவர் காது சிவந்திருந்தது, பின்னாலிருந்து பார்க்க நன்றாகத் தெரிந்தது. அப்புறம் சுண்ணாம்புக்கல் மலைகளும், லம்பங்களின் வெள்ளை மணலும், பச்சைத் தண்ணீர்க் குட்டைகளும் வந்தன. சாலையில் ஆளில்லை. இறக்கத்தில் இவர் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துவிட்டார். நான் முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கத்தினேன். எதற்குக் கத்தினேன் என்று கேட்டால் காரணம் கிடையாது. இருபது வயது, இறக்கம், அவ்வளவுதான்.

கிடங்கு என்றது திறந்த வெளியில் ஒரு இரும்புக் குன்று. அதைக் காவல் காத்தவர் ஒரு சீனக் கிழவர். வெண்கலம் எங்கே என்று கேட்டதற்குக் குன்று முழுவதையும் கையால் காட்டிவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். எல்லாமே ஒரே நிறம், எல்லாவற்றின் மேலும் சேறு. நான் அரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். ஒன்றைத் தேய்த்து முடிப்பதற்குள் கை வலித்தது. அப்போது இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். கடையில் தரையில் சிந்தின குண்டூசி பொறுக்குகிற காந்தம். அதை எதற்கு எடுத்து வந்தீர்கள் என்று கேட்டேன்.

"இரும்புன்னா ஒட்டும். வெண்கலம்னா ஒட்டாது," என்றார். "மேல எந்தத் தோல் போட்டிருந்தாலும் இதுகிட்டே பொய் சொல்ல முடியாது."

அவரை அந்த இடத்திலேயே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கிழவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் காந்தத்தை வாங்கி முதலில் என் வீட்டுக்காரர் இடுப்பு வாரில் வைத்தேன். வாரை மாட்டுகிற உலோகக் கொளுவி டக்கென்று ஒட்டியது. கல்யாணத்தன்று பித்தளை என்று சொன்ன வார் அது. இவர் காந்தத்தைப் பிடுங்கி என் மெட்டியில் வைத்தார். ஒட்டவில்லை. வளையலில் வைத்தார். ஒட்டவில்லை. கடைசியில் என் நெற்றியில் வைத்துப் பார்த்து, "அசல்தான்," என்றார். கிழவர் பீடியை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. நான் இழுத்துப் போட, அவர் காந்தம் வைக்க, ஒட்டினது ஒரு பக்கம், ஒட்டாதது ஒரு பக்கம். சேறு முழங்கை வரை ஏறியது. தலையில் வளையம் உள்ள நீளமான மரையாணி ஒன்று கிடைத்தது. அரத்தால் ஒரு கீறல் போட்டதும் செம்மஞ்சளாகச் சிரித்தது. அதற்கு ஜோடி கிடைக்க வெயில் சாய்ந்துவிட்டது. குன்றின் அந்தப் பக்கத்தில் தலைகீழாகக் குனிந்து நான் ஒன்றை உருவியபோது, கால் வழுக்கி அப்படியே உட்கார்ந்தபடி சறுக்கிக் கீழே வந்தேன். கை மட்டும் மேலே. கையில் மரையாணி. லாடம் போல வளைந்து, வாயைக் குறுக்குக் கம்பி ஒன்று திருகி மூடுகிற ஷேக்கிள்களும் இரண்டு அகப்பட்டன. நட்டுகளும், உள்ளங்கை அகலத்துக்கு வட்டத் தகடுகளும் எடுத்துக்கொண்டோம். எல்லாம் வெண்கலம். எதிலும் காந்தம் ஒட்டவில்லை.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கோணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பாரம் தாங்காமல் சைக்கிள் ஆடியது. ஒரு வளைவில் நாங்களும் சைக்கிளும் வெண்கலமும் ஒரே சமயத்தில் சாலையோரச் சேற்றில் இறங்கினோம். எழுந்து பார்த்தால் இவர் முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. பையைத் தடவி எல்லாம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தவர், பிறகுதான் எனக்கு அடிபட்டதா என்று கேட்டார். வீடு வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே அவரைச் சிரிக்க வைத்தேன்.

மாட்டுகிற வேலையை இவரே செய்தார். உத்திரத்துக்கு மேலே கை நுழைகிற இடைவெளி இருந்தது. பர்மா என்கிற துளைபோடும் கருவியை இரவல் வாங்கி உத்திரத்தை மேலிருந்து கீழ்வரை துளைத்தார். மரையாணி கீழிருந்து மேலே போக, மேலே அகலத் தகட்டைப் போட்டு நட்டை முடுக்கினார். திருகாணி மரத்தின் பல்லை மட்டும் நம்பி நிற்கும். இது உத்திரத்தையே முதுகோடு பிடித்துக்கொண்டது. ஒரு நட்டின் மேல் இன்னொரு நட்டையும் போட்டு இறுக்கினார். ஷேக்கிளின் குறுக்குக் கம்பி தானாகக் கழன்றுவிடாதபடி, வெண்கலத்துக்குத் தாய் உலோகமான செம்பின் கம்பியால் கட்டினார். பலகையில் கைவைக்கப் போகும்போது பாய் நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"தம்பி, ஒரு ஆள்," என்று ஞாபகப்படுத்தினார்.

இவர் பாயின் கடையிலிருந்தே ஒரு அரிசி மூட்டை கேட்டார். ஈரத் தெருவில் விழுந்தால் அரிசி போய்விடும் என்று பாய் யோசித்தார். உப்பு மூட்டை இன்னும் மோசம். அவர்கள் இருவரும் மூட்டைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. உள்ளே போய் இஸ்திரி போடுகிற பலகையையும் தேங்காய் நார்க் கயிற்றையும் எடுத்து வந்தேன். இரண்டு ஷேக்கிளிலும் கயிற்றைக் கோத்து, பலகையை நடுவில் கட்டி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

"ஏ புள்ள, இறங்கு," என்று இவர் தாழ்ந்த குரலில் சொன்னார். அதற்குள் நான் காலால் ஒரு உந்து உந்திவிட்டேன்.

ஊஞ்சல் அஞ்சடியிலிருந்து வெளியே போய், அதை ஒட்டி ஓடுகிற பெரிய வாய்க்காலைத் தாண்டி, தெருவுக்கு மேலே போய்த் திரும்பியது. மேலே ஒரு முனகல்கூட இல்லை. இன்னொரு உந்து. காற்று முகத்தில் அடித்தது. எதிர்ச்சாரிக் கூரைகளும், அதற்குமேல் மலையும், கீழே அண்ணாந்து நின்ற முகங்களும் வந்து வந்து போயின. காப்பிக்கடையிலிருந்து ஆட்கள் கோப்பையோடு வெளியே வந்தார்கள். ரிக்‌ஷாக்கள் நின்றன. யாரோ ஒரு அக்கா குரலெடுத்து ஊஞ்சல் பாட்டில் ஒரு அடி பாட, இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் கல்யாணத்தில் ஊஞ்சல் வைக்கவில்லை. லயத்தில் அதற்கு இடம் கிடையாது. அது பாடுகிறவளுக்கு எப்படித் தெரிந்ததோ, மாப்பிள்ளையும் ஏறட்டும் என்றாள். நாலு பேர் இவரைப் பிடித்துத் தள்ளினார்கள். கழுத்தில் அளவு நாடாவோடு, கண்ணை மூடிக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் வாய்க்காலுக்கு மேலே போனோம், வந்தோம். மூன்றாவது தடவை கண்ணைத் திறந்தார். அதற்குப் பிறகு இறங்க மனமில்லாமல் அவர்தான் உந்தினார்.

நாங்கள் ஒரு வழியாக இறங்கியபோது எனக்குத் தலை சுற்றியது, தெருவே லேசாக ஆடியது. பாய் உத்திரத்தின் கீழே வந்து நின்று மேலே பார்த்தார். நட்டைப் பார்த்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சேந்தா என்ன கனம்," என்றார். "ஆள்னு நா சொன்னது என்னைய மாதிரி ஆளு."

அவர் உட்கார்ந்ததும் இஸ்திரிப் பலகை வில்லாக வளைந்தது. கயிறு முறுக்கி முனகியது. வெண்கலம் அசையவில்லை. அசையாமல் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கிவிடுவார் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் மெல்லக் காலைத் தரையில் ஊன்றி, யாரையும் பார்க்காமல், ஒரு உந்து உந்தினார். அவர் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். பாய் வாய்க்காலைத் தாண்டிப் போய், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் திரும்பி வந்து, மறுபடி உந்தினார். அவர் இறங்க நிறைய நேரம் ஆயிற்று. இறங்கினதும் தொப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, "மாட்டு தம்பி," என்றார். பலகையின் ஒரு முனையை அவரே தூக்கிப் பிடித்தார்.

பலகையின் இரு மூலைகளிலும் போட்ட துளைகளில் ஷேக்கிளை நுழைத்து மேல் வளையத்தில் பூட்டினோம். கோட்டின் மார்பில் இருந்த துருக்கறையின் மேல் நான் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தேன். காற்று வந்தபோது பலகை எதிர்த்து நிற்காமல் லேசாக ஆடிக் கொடுத்து, பிறகு தன் இடத்துக்கு வந்து நின்றது. முதல் மழையில் சத்தம் போட்டது. வளையத்தில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினோம், அடங்கியது. நாள் போகப்போக வெண்கலம் கறுத்துப் பழுப்பானது. அதிலிருந்து ஒரு சொட்டுக்கூட கோட்டில் வடியவில்லை.

ஊஞ்சலைப் பார்த்தவர்கள் ஊரெல்லாம் சொன்னதில் எங்கள் கடையைத் தேடி ஆட்கள் வந்தார்கள். இரும்புக்கடைக்காரியும் வந்தாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றவள், தன் கடைக்கு இத்தனை வருஷமாகப் பலகையே இல்லை என்றாள். எல்லாக் கொக்கியும் விற்கிறவளுக்கு மாட்ட எதுவும் இல்லாமல் போயிற்று என்று சொல்லி அவளே சிரித்தாள். அடுத்த ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு லகாட்டுக்குப் போக ஏற்பாடாயிற்று. இந்தத் தடவை ரயிலில்.

பலகை மாட்டின மறுநாள் காலை, கடையைத் திறந்தவுடன் எதிர்ச்சாரிக்குப் போய் நின்று அதைப் பார்த்தேன். வெயில் எழுத்தின் மேல் விழுந்திருந்தது. உள்ளே போய்க் கொஞ்சம் தைத்தேன். மறுபடி போய்ப் பார்த்தேன். இவர் என்னைக் கேலி செய்தார். கொஞ்ச நேரம் கழித்து, நூல் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினவரை எதிர்ச்சாரியில் பார்த்தேன், நூல்கடை இருக்கும் பக்கம் அதுவல்ல. நானும் தெருவைத் தாண்டிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். காப்பிக்கடைக்காரர் கேட்காமலேயே இரண்டு காப்பி கொண்டு வந்து கொடுத்தார். குடித்துக்கொண்டே பார்த்தோம். பித்தான் மட்டும் அந்தப் பக்கம் இருந்திருக்கலாம் என்று இவர் சொன்னார், நான் வேண்டாம் என்றேன்.

அப்போது எங்கள் கடைக்குள்ளிருந்து ஒருவர் வாசலுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்து, இந்தக் கடையில் ஆள் யாரும் இல்லையா என்று பாயைக் கேட்டார். பாய் நாற்காலியில் இருந்தபடியே எதிர்ச்சாரியில் நின்ற எங்களைக் கையால் காட்டினார்.